காலி மனையில் ‘கேரட் இலை’: பார்த்தீனியத்தைப் பூக்கும் முன் பிடிப்பது எப்படி?

இரண்டு மழை பெய்தால் போதும், அஸ்தினாபுரத்தில் காலி மனைகள் பச்சையாகிவிடும். சுற்றுச்சுவர் இல்லாத மனை, வீடு கட்டக் கொட்டிவைத்த மண், மழைநீர் வடிகாலின் ஓரம் என்று எங்கும் களைதான். அந்தக் களைகளுக்கு நடுவே மூக்கிரட்டையைத் தேடிப் பறிக்க வருபவர்கள் இன்றும் இருக்கிறார்கள். மூக்கிரட்டைக்குப் பக்கத்திலேயே இன்னொரு இளஞ்செடி இருக்கும். கேரட் இலையைப் போல நறுக்கிவிட்ட இலைகளோடு, தரையை ஒட்டி வட்டமாக விரிந்து கிடக்கும். அது பார்த்தீனியம். அந்தப் பருவத்தில் அதைக் கண்டுகொள்பவர்கள் குறைவு. வெள்ளைப் பூ வந்த பிறகுதான் “அடடா, விஷச்செடி” என்கிறோம். அதற்குள் விதை விழத் தொடங்கியிருக்கும்.

இப்போது இலையைக் கைப்பேசியில் படம் பிடித்துப் பெயர் கேட்கும் பழக்கம் வந்திருக்கிறது. நல்ல பழக்கம்தான். ஆனால் மூக்கிரட்டையைப் படம் பிடித்தால், அதன் ஆங்கிலப் பெயர்களில் ஒன்றாக ‘ஹாக்வீட்’ என்பதும் வருகிறது. அந்தப் பெயரை மட்டும் போட்டுத் தேடினால், தோலைக் கொப்பளிக்க வைக்கும் ஐரோப்பிய நச்சுச்செடி ஒன்றின் படங்கள் வந்து நிற்கும். பார்ப்பவர் பயந்துபோய் மூக்கிரட்டையைத் தூக்கி எறிந்துவிட்டு, பக்கத்தில் இருக்கும் பார்த்தீனியத்தை வெறுங்கையால் பிடுங்கிப் போட வாய்ப்புண்டு. பெயர்க் குழப்பத்தை முதலில் தீர்த்துவிடலாம்.

ஒரே பெயர், வேறு வேறு செடி

ஐரோப்பாவின் ஹாக்வீட், கேரட், கொத்தமல்லி, சீரகம் சேர்ந்த குடும்பத்துச் செடி. அங்குள்ள சாதாரண ஹாக்வீட் வேலியோரத்தில் வளர்வது; இளந்தளிரைச் சமைத்துச் சாப்பிடுபவர்களும் உண்டு. அதன் பங்காளிதான் ராட்சத ஹாக்வீட். காகசஸ் மலைப் பகுதியைச் சேர்ந்த இதை, 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அழகுக்காக இங்கிலாந்துக்குக் கொண்டுபோனார்கள். இரண்டு ஆள் உயரத்துக்கு மேல் வளரும், குடை அளவுக்குப் பூங்கொத்து வைக்கும். தோட்டத்தில் இருந்து ஆற்றங்கரைக்குத் தப்பிய பிறகுதான் அதன் குணம் தெரிந்தது. சாறு தோலில் பட்டு, அந்த இடத்தில் வெயிலும் பட்டால், ஓரிரு நாளில் தீப்பட்டது போலக் கொப்புளம் எழும். சாறும் சூரிய ஒளியும் சேர்ந்து செய்யும் வேலை அது.

இன்னொரு பங்காளியின் கதை விவசாயிகள் கேட்க வேண்டியது. சோஸ்னோவ்ஸ்கி ஹாக்வீட் என்ற செடியை, இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு சோவியத் ஒன்றியத்தில் அரசே தீவனப் பயிராகப் பரப்பியது. எக்கச்சக்கமாகப் பசுந்தீவனம் தருகிறது என்பதுதான் காரணம். பண்ணைகள் கைவிடப்பட்டதும் அது தானாகப் பரவி, இன்று ரஷ்யாவில் சாலையோரங்களையும் தரிசு வயல்களையும் பிடித்துக்கொண்டிருக்கிறது. விறகுக்கு என்று கொண்டுவந்த சீமைக்கருவேலத்தோடு மல்லுக்கட்டும் நமக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

இந்த ராட்சத வகைகள் செங்கல்பட்டு மாவட்டத்துக்கு வந்துவிடுமோ என்ற பயம் வேண்டாம். அவற்றின் விதை முளைக்க நீண்ட குளிர் தேவை. நம் ஊரில் அது கிடைக்காது.

நம்முடைய மூக்கிரட்டைக்கும் அந்தக் குடும்பத்துக்கும் எந்த உறவும் கிடையாது. பெயர் மட்டும்தான் ஒன்று. மூக்கிரட்டை தரையில் படரும் கொடி போன்ற செடி. கணுவுக்கு இரண்டு இலை எதிரெதிராக இருக்கும், அதில் ஒன்று பெரிதாகவும் மற்றது சிறிதாகவும் இருக்கும். இலையின் அடிப்புறம் வெளிறியிருக்கும். பூ ஊசிமுனை அளவில் ஊதா கலந்த இளஞ்சிவப்பு. காய் துணியில் ஒட்டிக்கொள்ளும். வேர் கிழங்கு போலத் தடித்திருக்கும். அதோடு குழப்பிக்கொள்ளும் சாரணைக்கு இலையும் தண்டும் சதைப்பற்றாக இருக்கும். பூ காம்பில் நீண்டு வராமல் இலைக்கக்கத்திலேயே உட்கார்ந்திருக்கும். இரண்டுமே தோலைச் சுடும் செடிகள் அல்ல. மற்றபடி, சாக்கடை ஓரத்திலும் குப்பை கொட்டிய மனையிலும் எந்தக் கீரையையும் பறிக்காமல் இருப்பது நல்லது.

பார்த்தீனியமும் அதன் உறவுக்காரர்களும்

தோலைப் பதம் பார்க்கும் வந்தேறிச் செடி நம் பக்கத்தில் ஒன்று உண்டென்றால் அது பார்த்தீனியம்தான். இலை கேரட்டை ஒத்திருப்பதால் வட மாநிலங்களில் இதற்கு ‘காஜர் காஸ்’, அதாவது கேரட் புல் என்றே பெயர். ஆனால் இது கேரட் குடும்பம் இல்லை. சாமந்தி, சூரியகாந்தி, மாசிப்பத்திரி, மரிக்கொழுந்து எல்லாம் சேர்ந்த குடும்பம். நாம் மாலையில் தொடுக்கிற, வயலில் விதைக்கிற செடிகளின் உறவுக்காரன்தான் இது. ஏமாற்றம் அங்கிருந்துதான் தொடங்குகிறது.

அடையாளத்தை இரண்டு பருவமாகப் பிரித்துக்கொள்ள வேண்டும். முதல் பருவம், செடி தரையோடு கிடக்கும்போது. நடுவில் இருந்து சுற்றிலும் இலைகள் விரிந்து தட்டு வைத்தது போல இருக்கும். ஒவ்வொரு இலையும் ஒரு சாண் வரை நீளும். ஆழமாக வெட்டுப்பட்டு, வெட்டிய பகுதி மறுபடியும் வெட்டுப்பட்டிருக்கும். இலை மேல் மெல்லிய மயிர் இருப்பதால் பச்சையில் கொஞ்சம் சாம்பல் கலந்தது போலத் தெரியும். இந்தப் பருவத்தில் தண்டே தெரியாது. ஈரமண்ணில் பிடித்து இழுத்தால் ஆணிவேரோடு வந்துவிடும். பிடுங்க உகந்த நேரம் இதுதான்.

இரண்டாவது பருவத்தில் நடுவில் இருந்து தண்டு கிளம்பும். தண்டில் நெடுக்குவாட்டில் வரிவரியாகக் கோடுகள் இருக்கும். இடுப்பு உயரம் முதல் நெஞ்சு உயரம் வரை போய், உச்சியில் பல கிளைகளாகப் பிரியும். மேலே போகப் போக இலைகள் சிறுத்துவிடும். பூ வெள்ளை, பச்சரிசிக் குறுணை போல. உற்றுப் பார்த்தால் ஒவ்வொரு பூவின் ஓரத்திலும் ஐந்து மூலைகள் தெரியும். நாம் ஒரு பூ என்று நினைப்பது பூக்களின் கொத்து. மூலைக்கு ஒன்றாக ஐந்து விதை பிடிக்கும். முளைத்த ஒரு மாதம், ஒன்றரை மாதத்திலேயே பூக்கத் தொடங்கிவிடும். ஒரு செடி 15,000 முதல் 25,000 விதை வரை உதிர்க்கும் என்று களை ஆராய்ச்சியாளர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். அந்த ஒரு மாதத்தைத் தவறவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு வேறு கணக்கு வேண்டாம்.

மாசிப்பத்திரி என்று நினைத்து பார்த்தீனியத்தைப் பறித்துவிடுவது நடக்கிறது. மாசிப்பத்திரியின் இலையைத் திருப்பினால் அடிப்புறம் வெள்ளைப் பஞ்சு ஒட்டியது போல இருக்கும். பார்த்தீனியத்துக்கு அப்படி இருக்காது. மரிக்கொழுந்துக்கும் கொத்தமல்லிக்கும் அதனதன் வாசனை உண்டு. ஆனால் இங்கே ஒரு எச்சரிக்கை. தெரியாத இலையைக் கசக்கி முகர்ந்து பார்ப்பது நம் பழைய வழக்கம். சந்தேகம் பார்த்தீனியம் மீது என்றால் அந்தச் சோதனையே வேண்டாம். நச்சு அந்த இலை மயிரில்தான் இருக்கிறது.

பூச்செண்டு கட்டும்போது இடையில் செருகும் வெள்ளைப் பொடிப்பூவுக்குப் பதிலாகப் பார்த்தீனியப் பூவைச் செருகுவதும் உண்டு. அப்படி விழாவுக்குப் போகிற பூ, குப்பையோடு வேறு ஊருக்குப் போய் முளைக்கிறது.

“பத்து வருஷமா பிடுங்கறேன், ஒண்ணும் ஆகலையே”

களப்பணியில் அடிக்கடி காதில் விழும் பேச்சு இது. இதில்தான் பார்த்தீனியம் ராட்சத ஹாக்வீட்டில் இருந்து வேறுபடுகிறது. அந்தச் செடியின் சாறு யார் மேல் பட்டாலும், வெயில் இருந்தால் முதல் தடவையே சுடும். பார்த்தீனியம் அப்படிச் செய்வதில்லை. இதில் உள்ள பார்த்தீனின் என்ற பொருள் ஒவ்வாமையை உண்டாக்குவது. உடல் அதைப் பல தடவை சந்தித்து, ஒருநாள் எதிரி என்று முடிவு செய்யும். அதுவரை ஒன்றும் தெரியாது. அதன் பிறகு தொட்டாலே, சிலருக்குத் தொடாமல் அந்த வழியாகப் போனாலே அரிக்கும். காய்ந்த செடியின் தூளும் மயிரும் காற்றில் பறந்து வந்து பட்டால் போதும்.

அதனால் முதலில் பாதிக்கப்படுவது கை மட்டுமல்ல. கண்ணிமை, கழுத்து, முழங்கையின் உள்மடிப்பு, காதோரம் ஆகிய இடங்களில் தோல் சிவந்து, தடித்து, கறுத்துச் சொரசொரப்பாகும். வெயிலில் போனால் கூடும். மூக்கில் நீர் வடிதல், தும்மல், ஆஸ்துமா தொந்தரவும் மகரந்தத்தால் வரும். புனே நகரில் 1970களிலேயே தோல் மருத்துவர்கள் இந்த நோயைப் பெரிய அளவில் பார்த்து மருத்துவ இதழ்களில் பதிவு செய்தார்கள். ஒருமுறை ஒவ்வாமை வந்துவிட்டால் அது விட்டுப்போவது கடினம். அவர்களில் சிலருக்கு, அதே குடும்பத்துச் சாமந்தியையும் சூரியகாந்தியையும் தொட்டாலும் அரிக்கும். பூ சாகுபடி செய்கிறவர்களுக்கு அது பிழைப்பையே தொடுகிற விஷயம்.

ஏரிக்கரையையும் வாய்க்காலையும் சுத்தம் செய்பவர்கள் யார் என்று பார்த்தால், கிராமங்களில் நூறு நாள் வேலைக்கு வரும் பெண்கள், நகரத்தில் தூய்மைப் பணியாளர்கள். பார்த்தீனியம் பூத்து நிற்கிற கரையில் அவர்களை வெறுங்கையோடு இறக்கிவிடுவது தவறு. முழங்கை வரை கையுறை, முழுக்கைச் சட்டை, மூக்கையும் வாயையும் மூடும் துணி ஆகிய மூன்றையும் கொடுக்காமல் வேலையைத் தொடங்கக் கூடாது. வேலை முடிந்ததும் சோப்பு போட்டுக் கழுவ வேண்டும். உடுத்திய துணியைத் தனியாகத் துவைக்க வேண்டும். ஏற்கெனவே அரிப்பு வந்தவரை அந்த வேலையில் இருந்து விலக்கி வேறு வேலை கொடுக்க வேண்டும். மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் களிம்பை மாதக்கணக்கில் தடவுவதைவிட, அரசு மருத்துவமனையின் தோல் பிரிவுக்குப் போவது மேல்.

மாடுகள் பெரும்பாலும் இதைத் தொடாது. மேய வேறு ஒன்றும் இல்லாத கோடையில், அல்லது அறுத்து வந்த புல்லோடு கலந்திருந்தால், தின்றுவிடும். வாய்ப்புண், கழிச்சல், தோல் நோய் வரும். தீவனத்தில் கணிசமான பங்கு பார்த்தீனியமாக இருந்தபோது மாடும் எருமையும் இறந்தே போனதை பெங்களூரில் நடந்த சோதனைகள் காட்டின. கறவை மாட்டின் பால் கசக்கும். புறநகரில் மாடு வளர்ப்பவர்கள் காலி மனைப் புல்லை அறுத்துப் போடும்போது இதைக் கவனிக்க வேண்டும்.

வயலுக்கு என்ன கேடு?

தோல் நோய் பற்றி எல்லாரும் பேசுகிறோம். பயிருக்கு வரும் கேட்டைப் பற்றிப் பேசுவது குறைவு. வரப்பில்தானே நிற்கிறது, போகட்டும் என்று விடுவதற்கு அதுதான் காரணம்.

2000ஆம் ஆண்டில் ஆந்திரத்தின் அனந்தபூர் பகுதியில் நிலக்கடலை திடீரென நுனி கருகி, தண்டு கருகிச் செத்தது. சுமார் 2.25 லட்சம் ஹெக்டேரில் பாதிப்பு. இழப்பு 300 கோடி ரூபாய்க்கு மேல். புகையிலைக் கீற்று வைரஸ்தான் காரணம் என்று ஆராய்ச்சியாளர்கள் கண்டுபிடித்தார்கள். அது எங்கே தங்கியிருந்தது என்று தேடிப் போனபோது பார்த்தீனியத்தில் வந்து நின்றார்கள். வைரஸ் உடலில் இருந்தாலும் பார்த்தீனியம் எந்த நோய்க்குறியும் காட்டாது. அதன் மகரந்தத்தில் வைரஸ் இருக்கும். அந்தப் பூவுக்கு வரும் இலைப்பேன் மகரந்தத்தைச் சுமந்துகொண்டு நிலக்கடலைக்குப் போகும். இலையைச் சுரண்டித் தின்னும்போது உண்டாகும் காயத்தின் வழியே வைரஸ் உள்ளே போய்விடும்.

இதைக் கேட்ட பிறகு வரப்பில் பூத்து நிற்கும் பார்த்தீனியத்தைச் சும்மா விட முடியாது. செங்கல்பட்டு, காஞ்சிபுரம், திருவண்ணாமலை மாவட்டங்களில் மணிலா போடுகிற எவருக்கும் இது பொருந்தும். நிலக்கடலை வயலைச் சுற்றிச் சில வரிசை சோளமோ கம்போ நெருக்கமாக விதைத்தால், காற்றில் வரும் இலைப்பேனை அது ஓரளவு தடுக்கும். ஆனால் வேலியோரத்துப் பார்த்தீனியம் பூத்திருக்கும்வரை பாதிப் பாதுகாப்புதான்.

வைரஸைத் தவிரவும் கேடு உண்டு. தக்காளி, கத்தரி, மிளகாய், பீன்ஸ் பூக்களின் சூல்முடியில் பார்த்தீனிய மகரந்தம் படிந்தால் காய்ப்பிடிப்பு குறைவதை பெங்களூரு ஆராய்ச்சியாளர்கள் 1980 வாக்கிலேயே காட்டியிருக்கிறார்கள். வேரில் இருந்தும் மக்கும் இலையில் இருந்தும் கசியும் பொருள்கள் பக்கத்து விதைகளின் முளைப்பைக் கெடுக்கும். மாவுப்பூச்சிக்கு இது நல்ல இருப்பிடம். பயிர் இல்லாத மாதங்களில் பூச்சி இதில் தங்கி, நடவு வந்ததும் இறங்கும்.

ஆகஸ்டு வாரம் நமக்குப் போதுமா?

பார்த்தீனியம் எப்படி இந்தியாவுக்கு வந்தது என்று கேட்டால், அமெரிக்காவில் இருந்து பி.எல்.480 திட்டத்தில் வந்த கோதுமையோடு என்று பள்ளிப்பிள்ளைகள்கூடச் சொல்வார்கள். புனேயில் இது கவனத்துக்கு வந்தது 1950களின் நடுவில். அந்தக் கோதுமைக்கான ஒப்பந்தம் கையெழுத்தானது 1956 ஆகஸ்டில். அதற்கு வெகு முன்பே இந்தியாவில் இந்தச் செடி இருந்ததற்குத் தாவரவியல் பதிவுகள் உண்டு. கோதுமை பரப்பியிருக்கலாம், கோதுமைதான் கொண்டுவந்தது என்று அடித்துச் சொல்ல முடியாது. இன்றைய பரவலுக்குக் கோதுமை மூட்டையைத் திட்டிப் பயனும் இல்லை. இப்போது அது போவது மண் லாரியில், ஜேசிபி சக்கரத்தில், அறுவடை இயந்திரத்தில், வைக்கோல் கட்டில், நன்கு மக்காத எருவில்.

மத்தியப் பிரதேசத்தின் ஜபல்பூரில் உள்ள களை ஆராய்ச்சி இயக்குநரகம் ஆண்டுதோறும் ஆகஸ்டு 16 முதல் 22 வரை பார்த்தீனிய விழிப்புணர்வு வாரம் நடத்துகிறது. வேளாண் கல்லூரிகளும் வேளாண் அறிவியல் நிலையங்களும் அதில் பங்கேற்கின்றன. தென்மேற்குப் பருவமழை பெய்யும் மாநிலங்களுக்கு அது சரியான நேரம். ஜூன், ஜூலையில் முளைத்த செடி ஆகஸ்டில் பூப்பதற்குத் தயாராக இருக்கும்.

நம் பகுதிக் கதை வேறு. தாம்பரம் தொடங்கி செங்கல்பட்டு வரை ஆண்டு மழையில் பாதிக்கு மேல் வடகிழக்குப் பருவத்தில், அக்டோபர் முதல் டிசம்பர் வரை கொட்டுகிறது. பெரிய முளைப்பு அப்போதுதான். ஆகஸ்டில் பிடுங்கிப் படம் எடுத்துக்கொண்ட அதே இடத்தில், நவம்பரில் மறுபடியும் பச்சைத் தட்டுகள் விரித்திருக்கும். அப்போது யாரும் வருவதில்லை. வெள்ளம், சாலைப் பள்ளம் என்று எல்லாருக்கும் வேறு வேலை. பொங்கலுக்குள் அது பூத்து, விதை உதிர்த்து முடித்துவிடும். வடதமிழகக் கடலோர மாவட்டங்களுக்கு நவம்பர் மூன்றாவது வாரத்தை ஒட்டி இரண்டாவது களையெடுப்பு வாரம் ஒன்று வேண்டும் என்பது என் கருத்து. ஆகஸ்டு வாரத்தைக் கைவிடச் சொல்லவில்லை. ஆனால் ஒன்றுக்குத்தான் ஆளும் பணமும் உண்டு என்றால், நவம்பரைத்தான் தேர்ந்தெடுப்பேன்.

மெக்சிகன் வண்டு விஷயத்திலும் இதே காலக் கணக்கைப் பார்க்க வேண்டும். பார்த்தீனிய இலையைத் தின்னும் இந்தச் சிறு வண்டு 1983இல் பெங்களூருக்குக் கொண்டுவரப்பட்டு, சோதனைக்குப் பின் 1984இல் வெளியே விடப்பட்டது. வெளிறிய உடலில் பழுப்புக் கோடுகள் இருக்கும். நல்ல மழைக்காலத்தில் செடியை மொட்டையடித்துவிடும். ஒரு கட்டத்தில் சூரியகாந்தியையும் தின்கிறது என்று புகார் எழுந்து, மத்திய அரசு குழு போட்டு விசாரித்து, பயிருக்கு ஆபத்தில்லை என்று முடிவானது. ஆனால் மழை குறைந்து குளிர் தொடங்கியதும் வண்டு மண்ணுக்குள் போய் உறங்கிவிடும். நம் பகுதியில் செடி முளைத்து எழும் நேரமும் வண்டு உறங்கப் போகும் நேரமும் நெருங்கி வருகின்றன. வண்டு இருக்கும் இடத்தில் அதைக் காப்பாற்றுங்கள், மருந்து அடிக்காதீர்கள். ஆனால் வண்டு பார்த்துக்கொள்ளும் என்று நம்பி உட்கார வேண்டாம்.

என்ன செய்யலாம், எதைத் தவிர்க்கலாம்?

பூக்கும் முன், மழை பெய்து மண் ஈரமாக இருக்கும்போது, வேரோடு பிடுங்குவதை மிஞ்சிய வழி இல்லை. அரிவாளால் மேலாக வெட்டினால் அடியில் இருந்து மறுபடியும் துளிர்த்துப் பூக்கும். பூத்த செடியைப் பிடுங்கித்தான் ஆக வேண்டும் என்றால், பூங்கொத்துகளை முதலில் சாக்குப்பையில் வெட்டிப் போட்டுக் கட்டிவிட்டுப் பிறகு வேரைப் பிடுங்குங்கள். உதறாதீர்கள், இழுத்துக்கொண்டு போகாதீர்கள். காய்ந்ததைக் குவித்துக் கொளுத்துவது வேண்டாம். புகை பக்கத்து வீட்டுக்குப் போகும்.

பூக்காத செடியைக் குழியில் சாணத்தோடும் மண்ணோடும் அடுக்கடுக்காகப் போட்டு மக்கவைத்தால் நல்ல உரம் கிடைக்கும். பூத்த செடியை எருக்குழியில் போடக் கூடாது. குழி போதுமான சூடு ஏறாவிட்டால் விதை சாகாது. அடுத்த போகத்தில் நாமே வயல் முழுக்க விதைத்தது போல ஆகும். தோட்டக் கழிவில் இருந்து தயாரித்த உரத்தை வாங்குபவர்கள் ஒரு தொட்டியில் பரப்பி, நீர் தெளித்து, இரண்டு மூன்று வாரம் என்ன முளைக்கிறது என்று பார்த்துவிட்டு வயலில் போடலாம். செலவில்லாத சோதனை.

பயிர் இல்லாத இடத்துக்கு, ஒரு லிட்டர் நீருக்கு 200 கிராம் சமையல் உப்பும் சிறிது சோப்புக் கரைசலும் கலந்து தெளிக்கும் பரிந்துரை உண்டு. சாலையோரத்துக்கும் சுவர் ஓரத்துக்கும் அது சரி. வயல் வரப்பில், வாய்க்காலில், கிணற்று ஓரத்தில் செய்யாதீர்கள். களையோடு மண்ணும் போய்விடும். கிளைபோசேட்டை யார் வேண்டுமானாலும் வாங்கி அடிக்கலாம் என்ற நிலையும் இல்லை. 2022 அக்டோபரில் மத்திய அரசு வெளியிட்ட ஆணைப்படி, அதைப் பூச்சி கட்டுப்பாட்டு உரிமம் பெற்றவர்கள் மூலம் மட்டுமே பயன்படுத்த வேண்டும். பயிருக்குள் வந்துவிட்ட பார்த்தீனியத்துக்கு எந்தக் களைக்கொல்லி என்பது பயிரைப் பொறுத்தது. வட்டார வேளாண் விரிவாக்க மையத்தில் கேட்காமல் அடிக்காதீர்கள்.

பிடுங்கிய இடத்தை வெறுமையாக விட்டால் மறுபடியும் அதுவே வரும். மண்ணுக்குள் புதைந்த விதை பல ஆண்டுகள் உயிரோடு கிடக்கும். தகரை, ஆவாரை, கொழிஞ்சி, துத்தி போன்ற நம் செடிகளின் விதையை முதல் மழைக்கு முன் தூவிவிட்டால் அவை நெருக்கி வளர்ந்து பார்த்தீனியத்தை அமுக்கும். வேளாண் பல்கலைக்கழகமும் இவற்றில் சிலவற்றைப் போட்டிச் செடிகளாகப் பரிந்துரைக்கிறது. கொழிஞ்சி என்றால் பசுந்தாள் உரமும் ஆச்சு.

இத்தனையும் செய்த விவசாயியின் வரப்புக்கு அடுத்த நிலம் விற்பனைக்குப் போட்ட மனைப்பிரிவாக இருந்தால்? தாம்பரத்துக்குத் தெற்கே பல ஊர்களில் இன்று இதுதான் நிலை. கல் நட்டு, கம்பி கட்டி, உரிமையாளர் எங்கோ இருக்கிறார். அவருடைய பார்த்தீனியத்துக்கு இவர் வயல் பலியாகிறது. கர்நாடகம் 1975லேயே தன் வேளாண் பூச்சி, நோய்ச் சட்டத்தின் கீழ் பார்த்தீனியத்தைத் தீங்கான களையாக அறிவித்தது. சென்னை மாகாணத்துக்கு 1919லேயே பூச்சி, பயிர்நோய், தீங்கான களை மூன்றையும் தடுக்கச் சட்டம் வந்துவிட்டது. அறிவிப்பு மட்டும் களையை ஒழிக்காது என்பதைக் கர்நாடகத்தின் சாலையோரங்களே சொல்லும். ஆனால் நோட்டீஸ் கொடுக்க ஒரு சட்டம் கையில் இருப்பதும், அதைக் காலி மனைக்காரருக்குக் கொடுப்பதும் வேறு வேறு வேலைகள். இரண்டாவது வேலை நடப்பதாகத் தெரியவில்லை. ஐந்து நகராட்சிகளையும் ஐந்து பேரூராட்சிகளையும் சேர்த்து 2021இல் உருவான தாம்பரம் மாநகராட்சி போன்ற அமைப்புகள், கொசு உற்பத்திக்குக் காலி மனைக்காரரைக் கேள்வி கேட்பது போல இதற்கும் கேட்கலாம்.

ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் பார்த்தீனியம் உள்ள பகுதியில் இருந்து வெளியேறும் வண்டிகளையும் இயந்திரங்களையும் கழுவுவதற்குத் தனி இடங்கள் வைத்திருக்கிறார்கள். அங்கிருந்து நியூ சவுத் வேல்ஸுக்குப் போகும் அறுவடை இயந்திரங்கள் எல்லையில் சோதிக்கப்படுகின்றன. நம்மிடம் எல்லைச் சோதனைக்கு வழியில்லை. ஆனால் வாடகைக்கு வரும் அறுவடை இயந்திரத்தை வயலில் இறக்கும் முன், முந்தைய ஊர் மண்ணையும் வைக்கோலையும் தட்டி, ஊதிச் சுத்தம் செய்யச் சொல்ல நமக்கு உரிமை உண்டு. வாடகை நாம்தானே கொடுக்கிறோம்?

செடி எது என்று சந்தேகம் வந்தால், வெறுங்கையால் பறித்து எடுத்துப் போக வேண்டாம். தரையோடு இருக்கும் இலை, தண்டு, பூ மூன்றையும் அருகில் இருந்து படம் எடுத்துக்கொண்டு வட்டார வேளாண் விரிவாக்க மையத்திலோ, காட்டுப்பாக்கத்தில் உள்ள வேளாண் அறிவியல் நிலையத்திலோ காட்டலாம். செடியையே கொண்டுபோகத்தான் வேண்டும் என்றால் பிளாஸ்டிக் பையைக் கையில் மாட்டிக்கொண்டு பிடுங்கி, அதே பையை உள்வெளியாகத் திருப்பி, வாயைக் கட்டி எடுத்துப் போங்கள்.